ஃப்ரிட்ஜுக்குள் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து மும்பை வாசகர்கள் பலரும் ஃப்ரிட்ஜைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே நுழைகிறது. கீழே வரும் கேள்விகளில் பல அந்த ஈரத்தைத் தொட்டவைதான்.

கேள்வி: எங்களுடையது இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. பத்து நாளாகக் காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. துடைத்தால் மறுநாள் மீண்டும் வருகிறது. பார்க்க வந்தவர் "கேஸ் லீக்" என்கிறார். உண்மையா? – ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: கேஸ், அதாவது ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் வாயு, போனால் குளிர்ச்சி குறையும்; தண்ணீர் தேங்காது. பாலும் மாவும் வழக்கம்போல் சில்லென்று இருந்தால் கேஸ் பேச்சுக்கே இடமில்லை. அடைத்திருப்பது தண்ணீர் வெளியேறும் குழாய்.

ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் குளிர்க் கம்பிச்சுருள் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் தானாக ஓடி அந்தப் பனியை உருக்கும். உருகிய நீர் ஒரு சிறு துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழும். கம்ப்ரசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். இந்தப் பாதையில் ஒரு சோற்றுப் பருக்கையோ, கொத்தமல்லித் தழையோ, வழுவழுப்பான பாசியோ மாட்டிக்கொண்டால் நீர் வேறு வழி தேடி உங்கள் காய்கறி டப்பாவுக்கு அடியில் வந்து நிற்கும்.

சரிசெய்ய ஒரு நாள் இரவு போதும். சாமான்களைக் காலி செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, கீழே பழைய துண்டு விரித்து 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். குழாய்க்குள் பனிக்கட்டி அடைத்திருந்தால் இதிலேயே கரைந்துவிடும். பிறகு உள்சுவரின் பின்பக்க அடிப்பகுதியில் வடிகால் துளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை 50 மி.லி. அளவு மெதுவாகச் செலுத்துங்கள். ஒரு டம்ளர் நீருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்துகொண்டால் பாசியும் விடும். பின்னால் தட்டில் நீர் சொட்டும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. குத்திப் பார்க்க வேண்டுமென்றால் வளையும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை (கேபிள் டை) போதும். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். சில மாடல்களில் துளை ஃப்ரீசர் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தப் பலகையை நீங்களாகக் கழற்றாதீர்கள். உள்ளே மின்விசிறி, ஹீட்டர், சென்சார் ஒயர்கள் எல்லாம் இருக்கின்றன.

ஒரு வாரத்துக்குள் மீண்டும் தண்ணீர் வந்தால் மெக்கானிக்கை அழைத்து, "டிஃப்ராஸ்ட் ஹீட்டரையும் அதன் சென்சாரையும் பாருங்கள்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். கேஸ் நிரப்ப மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வேலை, பலரும் மறந்துபோவது: பின்பக்கத் தட்டு. அதில் நீர் வற்றாமல் நின்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேயே முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழெட்டு நாளே போதும் என்பதால், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதைப் பார்த்தே ஆக வேண்டும். கழற்ற முடிந்தால் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். கழறாத தட்டென்றால் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசர் ஆறியபின் துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் பனி மலைபோல் வளர்கிறது. ஐஸ் டிரேயை எடுக்கக் கத்தியால்தான் நெம்ப வேண்டியிருக்கிறது. – ஒரு வாசகர், தாராவி

பதில்: கத்தியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரீசரின் சுவர்தான் குளிர்விக்கும் பகுதி. மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்ளேயே வாயு ஓடும் பாதை இருக்கிறது. கத்தி முனை ஒருமுறை பட்டால் துளை விழும், வாயு வெளியேறும். பெரும்பாலும் அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது. குத்திவிட்டு 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பனி 6 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் பருமனில் பாதி அளவு சேர்ந்ததுமே உருக்கிவிட வேண்டும். குளிர் அளவைத் திருகும் குமிழின் நடுவே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கம்ப்ரசர் நிற்கும். பனி உருகியதும் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும். இரவு படுக்கும்முன் அழுத்திவிட்டால் காலையில் ஃப்ரீசருக்குக் கீழுள்ள தட்டில் நீர் நிற்கும், எடுத்துக் கொட்டலாம். மீன், இறைச்சி இருந்தால் முதலில் வெளியே எடுத்து, ஐஸோடு தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். அவசரமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மடித்த துணிமேல் சூடான நீர்ப் பாத்திரம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வைக்கலாம். கொதிநீர் வேண்டாம்.

பனி வேகமாகச் சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஃப்ரீசரின் சிறிய பிளாஸ்டிக் கதவுதான். அதன் ஸ்பிரிங்கோ கீலோ உடைந்து பாதி திறந்தே தொங்கும் வீடுகள் ஏராளம். மாடல் எண்ணைச் சொன்னால் அந்தக் கதவு மட்டும் தனியாகக் கிடைக்கும். மாடல் எண் உள்சுவரிலோ பின்பக்கமோ ஸ்டிக்கரில் இருக்கும்.

கேள்வி: ஞாயிறு ஆட்டிய இட்லி மாவு செவ்வாய்க்கிழமையே புளித்துப் பொங்கி வழிகிறது. ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். – ஒரு வாசகி, செம்பூர்

பதில்: மாவு ஒரு நல்ல தெர்மாமீட்டர். அது ஃப்ரிட்ஜுக்குள்ளும் பொங்குகிறது என்றால் உள்ளே குளிர் போதவில்லை. 4 டிகிரியில் புளிப்பு நத்தை வேகத்தில்தான் நகரும். 8, 10 டிகிரியில் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, நடுத்தட்டில் ஒரு டம்ளர் நீருக்குள் இரவு முழுக்க வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அந்த அளவுக்குக் கீழே அது காட்டாது. காலையில் 2 முதல் 4 டிகிரிக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேலே இருந்தால் குமிழை ஒரு எண் கூட்டி மறுநாள் மீண்டும் பாருங்கள். குமிழில் உள்ள எண் டிகிரி அல்ல. எண் கூடக் கூடக் குளிரும் கூடும், அவ்வளவே. சில இரட்டைக் கதவு மாடல்களில் ஃப்ரீசருக்குள் உள்ள குமிழ், குளிர்காற்றை மேலும் கீழும் பங்கிடும் மடல்தான். ஐஸ் சீக்கிரம் வேண்டுமென்று அதை உச்சத்தில் வைத்தால் கீழ்த்தட்டுகளுக்குக் காற்று குறைந்துவிடும்.

காற்று வரும் துவாரங்களையும் பாருங்கள். பின்சுவரில் கோடுகோடாகத் தெரியும் அந்தத் துவாரங்களுக்கு எதிரே மாவுத் தூக்கை அடைத்தாற்போல் வைத்தால் பின்னால் இருப்பது உறையும், முன்னால் இருப்பது புளிக்கும். தட்டுக்குத் தட்டு விரிக்கும் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புகளும் காற்றைத் தடுக்கின்றன. கம்பித் தட்டாக இருந்தால் இன்னும் மோசம். அழகுக்காக விரிக்கிறோம், ஆனால் அவற்றை எடுத்துவிடச் சொல்வதே என் யோசனை.

மாவைப் பொறுத்தவரை, பொங்கியதும் கிளறாமல் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். பெரிய தூக்கில் மொத்தமாக வைக்காமல் இரண்டு மூன்று டப்பாக்களில் முக்கால் அளவு நிரப்பி வையுங்கள். அன்றன்றைக்கு ஒரு டப்பா மட்டும் வெளியே வரட்டும். முழுத்தூக்கும் தினமும் அடுப்படியில் அரை மணி நேரம் நின்று திரும்பினால் எந்த ஃப்ரிட்ஜும் அதைக் காப்பாற்றாது.

கேள்வி: வாரத்துக்கான சாம்பார், கூட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவைக்கிறேன். சுடச்சுட வைக்கலாமா, ஆறவைத்து வைக்க வேண்டுமா? – ஒரு வாசகி, அந்தேரி

பதில்: ஆவி பறக்க வைக்கவும் கூடாது, ராத்திரி முழுக்க மேடையில் ஆறவிடவும் கூடாது. சமைத்த 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். அடுப்படி 32 டிகிரிக்கு மேல் தகிக்கும் நாட்களில் 1 மணி நேரம்தான். அகலப் பாத்திரத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் இல்லாமல் ஊற்றி, தண்ணீர் நிறைத்த தாம்பாளத்தில் வைத்துக் கலக்கிவிட்டால் இருபது நிமிடத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும்.

சோற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியோடு வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மீந்த சோற்றை உடனே பரத்தி ஆற்றி, மூடி வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். சாம்பாரையும் கூட்டையும் மூன்று நான்கு நாளுக்கு மேல் நீட்ட வேண்டாம். வாரம் முழுக்க வேண்டுமென்றால் பாதியை ஃப்ரீசரில் போடுங்கள்.

கேள்வி: என்ன துடைத்தாலும் ஒரு வாடை போக மாட்டேனென்கிறது. எப்படித்தான் சுத்தம் செய்வது? – ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: துடைத்த இடங்களில் வாடை இல்லை, துடைக்காத இடங்களில் இருக்கிறது. அது ஒளியும் இடங்கள் ஐந்து: கதவு ரப்பரின் மடிப்பு, வடிகால் துளை, பின்பக்கத் தட்டு, கண்ணாடித் தட்டின் ஓரத்தில் சொருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, காய்கறி டப்பா நகரும் தண்டவாளம். கண்ணாடித் தட்டின் பட்டைக்குள் சிந்திய பால் புகுந்தால் மாதக்கணக்கில் நாறும். பட்டை கழறுமானால் கழற்றித் தேய்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அதாவது மார்க்கெட்டுக்குப் போவதற்கு முந்தைய நாள். பிளக்கைப் பிடுங்கி, சாமான்களை எடுத்ததும் முதல் வேலையாகக் கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்து மேடையில் வைத்துவிடுங்கள். சில்லிட்ட கண்ணாடியில் சுடுநீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் அவை இருபது நிமிடமாவது இருந்து, குளிர் விட்டு அறைச் சூட்டுக்கு வரட்டும். அதற்குள் உட்புறத்தைத் துடைத்துவிடலாம். 1 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 2 மேஜைக்கரண்டி சமையல் சோடா. துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள்; கீழிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் மீண்டும் கீழே வடியும். விளக்கு, குமிழ், துவாரங்கள் பக்கம் நீர் சொட்டக் கூடாது. பிறகு வெறும் நீரில் ஒருமுறை, கடைசியில் உலர்ந்த துணியால் ஒருமுறை. இந்தக் கடைசித் துடைப்பை மும்பையில் விட்டுவிடவே கூடாது. ஈரத்தோடு கதவை மூடினால் ஒரே வாரத்தில் பூஞ்சை வரும்.

ஃபினைல், வாசனை சோப்பு, தரை துடைக்கும் திரவம் எதுவும் உள்ளே வேண்டாம். பிளாஸ்டிக் அந்த மணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தயிரில் ஏற்றிவிடும். இறைச்சி ரத்தம் கசிந்த இடத்துக்கு ப்ளீச் பயன்படுத்தினால் அதோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாடை மிஞ்சினால், மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கரியை 100 கிராம் வாங்கி ஒரு கிண்ணத்தில் திறந்து வையுங்கள். எலுமிச்சைத் துண்டு போன்றவை வாடையை மறைக்குமே தவிர இழுக்காது. எலுமிச்சை தானே அழுகி இன்னொரு வாடையைக் கொண்டுவரும். நம் வீடுகளில் வாடைக்குப் பெரிய காரணம் மூடாத பாத்திரங்கள். பெருங்காயம் போட்ட ரசம், உரித்த பூண்டு, பலாச்சுளை மூன்றும் இறுக்கமான மூடிக்குள்தான் இருக்க வேண்டும். மல்லிகைச் சரமும் அப்படியே. நல்ல மணம்தான், ஆனால் பாலில் ஏறினால் காப்பி கெட்டது. சரத்தை வாழையிலையில் சுருட்டி, மூடி போட்ட டப்பாவுக்குள் வையுங்கள்.

கேள்வி: கதவு ரப்பரில் கரும்புள்ளிகள். ஒரு பக்கம் ஒட்டவும் மாட்டேனென்கிறது. மாற்றத்தான் வேண்டுமா? – ஒரு வாசகர், காட்கோபர்

பதில்: முதலில் சுத்தம் செய்யுங்கள். பாதி வீடுகளில் ஒட்டாததற்குக் காரணமே மடிப்பில் இறுகிய பிசுக்குதான். வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேயுங்கள். உலர்த்தியபின் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இழுபடாமல் பிடித்தால் அந்த இடம் சரி. தடையின்றி வழுக்கி வந்தால் அங்கே காற்று போகிறது. இப்படிக் கதவைச் சுற்றி பன்னிரண்டு இடத்திலாவது சோதியுங்கள், குறிப்பாகக் கீல் பக்கத்து மூலைகளில்.

ரப்பர் கோணியிருந்தால் சூடான நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்து, மிருதுவானதும் விரலால் இழுத்துச் சீராக்கிக் கதவை மூடிவைக்கலாம். கிழிந்திருந்தாலோ உள்ளே இருக்கும் காந்தப்பட்டை உடைந்திருந்தாலோ மாற்றுவதுதான் வழி. ஃப்ரிட்ஜின் முன்கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். இதையும் பார்த்துவிட்டு ரப்பரை மாற்ற முடிவு செய்யுங்கள்.

கேள்வி: புது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டுச் சுவர்கள் சுடுகின்றன. பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, சயான்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. பழைய மாடல்களில் பின்னால் கறுப்பாகத் தெரிந்த கம்பிவலை, புதியவற்றில் பக்கச்சுவர்களுக்குள் இருக்கிறது. உள்ளேயிருந்து எடுத்த சூட்டை அது அங்கேதான் விடும். சின்ன அடுப்படியில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கிச் சொருகியிருந்தால்தான் கவலை. பக்கங்களில் 5 செ.மீ., பின்னால் 10 செ.மீ. விட முடிந்தால் நல்லது. மேலே துணிமூட்டை, அட்டைப்பெட்டி அடுக்க வேண்டாம்.

கேள்வி: மழைக்கு முன் மீன் வாங்கி உறையவைக்கிறோம். எவ்வளவு நாள் வைக்கலாம்? – ஒரு வாசகர், நெருள்

பதில்: ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் என்பதால் பலரும் இப்படிச் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் மீனைப் பார்த்துச் செய்ய வேண்டும். மைனஸ் 18 டிகிரி இருக்கும் தனிக்கதவு ஃப்ரீசரில் சுர்மை என்று இங்கே விற்கும் வஞ்சிரம் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். கொழுப்பு மிகுந்த பாங்டா, அதாவது நம் கானாங்கெளுத்தி, உறைந்த நிலையிலும் எண்ணெய்க் காறல் ஏறும். ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது ருசிக்கு நல்லது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெட்டி பல நேரம் அந்தக் குளிருக்கே போவதில்லை. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் நான் வைக்கச் சொல்லமாட்டேன்.

குடல் நீக்கிக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி இரட்டை உறை போடுங்கள். தேதி எழுதுங்கள். தட்டையாக அடுக்கினால் சீக்கிரம் உறையும். 60 லிட்டர் ஃப்ரீசரில் ஒரே நாளில் 2 கிலோவுக்கு மேல் திணித்தால் எல்லாமே மெதுவாக உறைந்து சதை பஞ்சாகிவிடும். சமைப்பதற்கு முந்தைய இரவு கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைத்து உருக விடுங்கள். பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் எப்போதும் அடித்தட்டுதான் இடம். மேலே வைத்தால் கசியும் நீர் சட்னியில் சொட்டும்.

கேள்வி: மார்க்கெட்டில் வாங்கும் கொத்தமல்லி, கறிவேப்பிலை மூன்றே நாளில் அழுகுகிறது. – ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: மழைக்காலத்தில் கட்டு ஏற்கெனவே நனைந்துதான் வருகிறது. வந்ததும் கட்டை அவிழ்த்து, செய்தித்தாளில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். கழுவ வேண்டாம். கொத்தமல்லியின் வேரை நறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். ஒரு வாரம் தாராளமாக வரும். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி அதேபோல் வைக்கலாம். பச்சைமிளகாயைக் காம்பு கிள்ளி வைத்தால் அழுகல் தள்ளிப்போகும். கீரைக்குப் பக்கத்தில் ஆப்பிளோ பழுத்த மாம்பழமோ வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும்.

உருளைக்கிழங்கு ஃப்ரிட்ஜுக்குள் போகவே கூடாது. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருகும். வெங்காயம், வாழைப்பழம், பழுக்காத மாங்காய், தக்காளி இவற்றுக்கும் வெளியேதான் இடம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் அடியில் வரும் குளிரில்லாத டிராயர் வெங்காயத்துக்கென்றே அமைந்தது. உருளையை அதனோடு கலக்காமல் வேறு கூடையில் வையுங்கள். கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றும் அதிகக் குளிரில் புள்ளிவிழும். மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் திருநெல்வேலி போகிறோம். ஃப்ரிட்ஜை ஓடவிடலாமா? – ஒரு வாசகர், தாராவி

பதில்: ஒரு மாதமென்றால் காலி செய்து அணைத்துவிடுவதே மேல். முழுக்கத் துடைத்து, ஒரு நாள் திறந்தே உலர்த்தி, பின்தட்டு நீரையும் கொட்டிவிட்டு, கதவு முழுக்க மூடாதபடி மடித்த துணியை இடுக்கில் சொருகுங்கள். மூடிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உட்சுவர் முழுக்கப் பூஞ்சை பூத்திருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்துபோகும் வீடென்றால், கதவு அந்த இடுக்குக்கு மேல் திறக்காதபடி வெளியே கயிற்றால் கட்டிவையுங்கள். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சுத் திணறும்.

பத்து நாள் பயணம், ஊறுகாயும் மசாலாவும் மட்டும் உள்ளே இருக்கின்றன என்றால் ஓடட்டும். ஒரு கிண்ணம் நீரை ஃப்ரீசரில் உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் நாணயம் மேலேயே இருந்தால் மின்சாரம் நெடுநேரம் போகவில்லை. அடியில் கிடந்தால் நடுவில் ஐஸ் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்படியானால் ஃப்ரீசரில் விட்டுப்போன மீன், இறைச்சி எதுவானாலும் கொட்டிவிடுங்கள். அணைத்த ஃப்ரிட்ஜை மீண்டும் போடும்போது முதல் மூன்று நான்கு மணி நேரம் எதையும் வைக்காமல் வெறுமையாகவே குளிர விடுங்கள்.